பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் குழாயை ஐஸ் எப்படி அடைக்கும்?

வாசகர் கேள்வி, ஜனவரி 6

"நீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி. அதனால் குளிர்காலத்தில் ஏரியின் மேல்பகுதி மட்டும் உறையும், அடியில் 4 டிகிரி நீர் தங்கும், மீன்கள் பிழைக்கும். பதினோராம் வகுப்பில் இதைத்தான் நடத்துகிறேன். நீங்களோ ஏரிக்குள் பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் குடிநீர்க் குழாயை ஐஸ் அடைத்துவிட்டது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். ஐஸ் மிதக்கும் பொருள். அது எப்படி அடிக்குப் போகும்? குழாய்க்குள்ளேயே உறைந்ததா?"

ஜனவரி 6, இரவு 11:20

குழாய்க்குள் உறையவில்லை டீச்சர். குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் நடத்துவது காற்றே அடிக்காத குளத்துக்குச் சரி. 0 டிகிரி நீருக்கும் 4 டிகிரி நீருக்கும் எடையில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்: ஒரு கன மீட்டருக்கு சுமார் 130 கிராம். ஆயிரம் கிலோவில் ஒரு டம்ளர் தண்ணீரின் எடைகூட இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் 4 டிகிரி நீர் அடியில் படுத்திருக்கிறது. பெரிய ஏரியில் ஒரு நாள் பலமாகக் காற்றடித்தால் போதும், கரையோரத்தில் மேலிருந்து அடிவரை கலக்கிவிடும். ஓடும் ஆற்றில் காற்றுகூட வேண்டாம். ஓட்டமே கலக்கும். ஜனவரியில் கனடாவில் எங்கள் ஒன்டாரியோ ஏரியின் கரையோர நீர், பத்து மீட்டர் ஆழம்வரை எங்கே தொட்டாலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். 0-வை ஒட்டி நிற்கும்.

இப்போது மேகமில்லாத ஓர் இரவில் வெளியே −18, ஏரிப் பக்கமிருந்து காற்று. நீர் 0-வில் நிற்காமல் அதற்கும் கீழே நூற்றில் இரண்டு பங்கு, ஐந்து பங்கு டிகிரி இறங்கும். −0.05 டிகிரியிலும் நீராகவே இருக்கும். அப்போது ஏதாவது ஒரு துகள் விதையாகக் கிடைத்தால், அந்த ஆழம் முழுவதும் ஒரே நேரத்தில் ஐஸ் படிகங்கள் பிறக்கும். வட்டத் தகடுகள். ஒன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர் குறுக்களவு. மிதக்கத்தான் பார்க்கும், ஆனால் இவ்வளவு சின்னதை ஓட்டமும் சுழலும் எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகும். போகிற வழியில் எதைத் தொட்டாலும் ஒட்டும்.

இதற்குப் பெயர் ஃப்ராசில். கியூபெக்கின் பிரெஞ்சு மக்கள் வைத்த பெயர், நிலக்கரிச் சாம்பல் கட்டிக்கான சொல்லிலிருந்து வந்தது. நீரில் மிதந்து வரும் கூட்டத்தைப் பார்த்தால் ஏன் அப்படி அழைத்தார்கள் என்று புரியும்.

ஜனவரி 7, காலை 6:05

குழாய் வாய் அடைத்த அந்த இரவைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அப்போது நான் குடிநீர் நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து மூன்றாவது குளிர்காலம். ஊர்ப் பெயர் வேண்டாம், சின்ன ஊர். ஏரிக்குள் எழுநூறு மீட்டர் தள்ளி நீர் எடுக்கும் வாய், அதற்குக் கம்பித் தட்டி, அங்கிருந்து குழாய் வழியாகக் கரையிலுள்ள உறிஞ்சு கிணறு, கிணற்றிலிருந்து பம்பு. இரவு 2:40-க்குக் கிணற்று மட்டம் இறங்கத் தொடங்கியது. மட்டமானி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இருபது நிமிடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மட்டமானி சரியாகத்தான் காட்டியிருக்கிறது. பம்பு உறிஞ்சுகிற அளவுக்கு ஏரியிலிருந்து நீர் வரவில்லை.

மூத்த ஆபரேட்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். நான் பாதி சொல்வதற்குள்ளேயே, "ஒரு பம்பை விட்டு மற்றதெல்லாம் நிறுத்து, நான் வருகிறேன்" என்றார். மேல்நிலைத் தொட்டியில் ஊருக்கு ஏழு மணி நேரத் தண்ணீர் இருந்தது. அதுதான் எங்கள் கையிருப்பு.

வந்ததும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகவில்லை. கிணற்றில் கயிறு கட்டி வாளியை இறக்கி, அந்த நீரை ஊறுகாய் பாட்டில் ஒன்றில் ஊற்றி, பின்னால் டார்ச்சைப் பிடித்தார். பாட்டில் முழுக்க ஜிகினா. மிளகாய் விதை அளவு, மீன் செதில் கனம், கண்ணாடி போன்ற வட்டங்கள். ஒவ்வொன்றும் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு மெல்ல மேலே ஏறியது. பக்கவாட்டில் திரும்பும்போது காணாமல் போகும். முகம் காட்டும்போது பளிச்சிடும். தன் ஸ்பேனரை வாளியில் விட்டு ஒரு சுற்றுக் கலக்கி எடுத்தார். நுனியில் வெள்ளையாக முள் முள்ளாக வளர்ந்திருந்தது.

"தட்டியில் இதுதான் நடக்கிறது" என்றார். கம்பிமேல் ஒட்டியது வளரும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே பாலம் கட்டும். இடைவெளி குறையக் குறைய மிச்சமிருக்கும் ஓட்டையில் நீர் வேகமெடுக்கும். அந்த வேகம் இன்னும் நிறையப் படிகங்களை இழுத்து வரும். அதனால்தான் பம்பைக் குறைக்கச் சொன்னார். நான் மட்டம் குறைகிறதே என்று இன்னொரு பம்பைப் போட்டிருந்தால் தட்டியை நானே முழுக்க அடைத்திருப்பேன்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். காவிரிக் கிளை வாய்க்கால் ஒன்றில் மதகு ஷட்டர் ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஆகாயத்தாமரை வந்து மதகை அடைக்கும்போது ஷட்டரை இன்னும் தூக்கச் சொல்லி விவசாயிகள் கத்துவார்கள். அவர் தூக்க மாட்டார். முதலில் பாதி இறக்கி, இழுப்பைக் குறைத்து, கொக்கி போட்டு இழுப்பார். அன்று இரவு அவர் நினைவுதான் வந்தது.

ஜனவரி 7, மதியம்

"காலையில் எப்படிச் சரியானது?" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள்.

சூரியன்தான். மேலே ஐஸ் மூடாத நீருக்குள் வெயில் நேராக இறங்கும். சூடாக்க வேண்டியது ஒரு டிகிரி அல்ல, நூற்றில் சில பங்குதான். நீர் 0-வைத் தொட்டுவிட்டால் படிகங்களின் ஒட்டும் குணம் போய்விடும். அன்று ஒன்பதே முக்காலுக்குக் கிணற்று மட்டம் தானாக ஏறியது. மேகமுள்ள இரவில் இந்தத் தொல்லை குறைவு. மேகம் போர்வை மாதிரி வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். தெளிந்த வானம், ஏரிக் காற்று, கடுங்குளிர் மூன்றும் சேரும் இரவில்தான் நாங்கள் கண் மூடுவதில்லை.

சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்குள் கரையிலிருந்து மைல்கணக்கில் தள்ளி நீர் எடுக்கும் கட்டடங்கள் நிற்கின்றன. முன்பு அங்கேயே ஆட்கள் குடியிருந்து, குளிர்காலத்தில் அடைக்கும் ஐஸை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். ஊரே தூங்கும்போது குழாயில் தண்ணீர் வர, ஏரி நடுவே ஆள் உட்கார்ந்து வெடி வைத்திருக்கிறார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை பொங்குகிறது.

ஜனவரி 9, இரவு 10:40

"இவ்வளவு நுண்ணிய படிகங்களா ஒரு ஊரின் தண்ணீரை நிறுத்தும்" என்ற சந்தேகத்துக்குக் கணக்கே பதில்.

கடுங்குளிரில் திறந்த நீர்ப்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் வெப்பத்தை இழக்கிறது என்று வையுங்கள். காற்றடிக்கும் இரவில் இது மிகையான எண் அல்ல. ஒரு மணி நேரத்தில் 18 லட்சம் ஜூல். ஒரு கிலோ நீர் உறைய 3 லட்சத்து 34 ஆயிரம் ஜூல் வெளியேற வேண்டும். ஆக, சதுர மீட்டருக்கு மணிக்கு ஐந்து கிலோவுக்கு மேல் ஐஸ். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஐயாயிரம் டன்னைத் தாண்டும். ஒரு மணி நேரத்தில்!

மேலே ஒரு ஐஸ் பலகை மூடிவிட்டால் இந்த இழப்பு சரசரவென்று குறையும், ஐஸே போர்வை என்பதால். அதன்மேல் பனித்தூவியும் விழுந்தால் இன்னும் நல்லது. திறந்த நீர்தான் ஆலை. மூடிய நீரில் ஆலைக்குப் பூட்டு.

எனவே ஆற்று ஐஸோடு வேலை செய்பவர்களின் முதல் விருப்பம் ஐஸை உடைப்பதல்ல. சீக்கிரமாக, அமைதியாக, முழுசாக உறைய வைப்பது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு குளிர்காலம் பிடித்தது.

ஜனவரி 10, காலை

மேலே சொன்னதற்கு நேரில் பார்க்கக்கூடிய உதாரணம் நயாகரா.

ஈரி ஏரி முடிந்து நயாகரா ஆறு தொடங்கும் இடத்தில், பஃபலோ நகருக்கு அருகே, ஒவ்வொரு குளிர்காலமும் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு எஃகு மிதவைகளைக் கம்பிவடத்தில் கோத்து ஏரிக்குக் குறுக்கே போடுகிறார்கள். 1964-இலிருந்து நடக்கிறது. முதலில் மர மிதவைகள். 1990-களின் பிற்பகுதியில் எஃகுக்கு மாறினார்கள். அது அணை அல்ல. ஏரியின் முனையில் இயற்கையாகவே ஐஸ் ஒரு வளைவாகக் கட்டி நிற்கும். அது சீக்கிரம் கட்டவும், புயலில் உடைந்தால் மறுபடி சேரவும் கை கொடுக்கிறது, அவ்வளவுதான். பெரும் புயலில் ஐஸ் மிதவைகளை அமுக்கிவிட்டு மேலேறிப் போகும். அழுத்தம் குறைந்ததும் மிதவைகள் திரும்ப மேலே வரும். முறைத்து நின்றால் வடம் அறுந்துபோகும் என்பதால் இப்படி வளைந்து கொடுக்கச் செய்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த வடிவமைப்பு இது.

எப்போது போடுவார்கள் தெரியுமா டீச்சர்? பஃபலோவில் ஏரி நீர் 4 டிகிரிக்கு இறங்கியதும், அல்லது டிசம்பர் 16, எது முதலில் வருகிறதோ அப்போது. உங்கள் பாடத்தின் அதே 4 டிகிரி. அதற்குப் பிறகு குளிரும் நீர் கனமாகி அடிக்குப் போகாது, மேலேயே நிற்கும். உறைவு தொலைவில் இல்லை.

மிதவை வருவதற்கு முன் அங்கே நடந்தது சின்ன விஷயமல்ல. 1848 மார்ச் 29 பின்னிரவில் ஈரி ஏரியின் ஐஸ் ஆற்றின் வாயை அடைத்து நயாகரா அருவி ஏறக்குறைய நின்றே போனது. பக்கத்தில் குடியிருந்தவர்கள் சத்தத்தால் அல்ல, சத்தம் நின்றதால் விழித்தார்கள். ஆலைகள் நின்றன. காய்ந்த ஆற்றுப் படுகையில் இறங்கி 1812 போரின் துப்பாக்கிக் கத்திகளைப் பொறுக்கினார்கள். ஒரு நாளுக்கு மேல் கழித்து அடைப்பு உடைந்து தண்ணீர் சுவராக வந்தது. 1938 ஜனவரி 27-இல் அருவிக்குக் கீழே குவிந்த ஐஸ், ஹனிமூன் பாலம் என்று மக்கள் அழைத்த எஃகு வளைவுப் பாலத்தின் கால்களைத் தள்ளி, பாலத்தையே ஆற்றில் விழவைத்தது.

ஜனவரி 10, இரவு

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். "மூடிய நீரில் ஆலைக்குப் பூட்டு" என்றேன். அந்த இடத்து ஆலைக்குத்தான் பூட்டு. மேலாற்றில் ஒரு துள்ளோட்டம், அதாவது ஆறு வேகமாகத் துள்ளிப் பாயும் இடம், உறையாமல் திறந்து கிடந்தால் அங்கே குளிர்காலம் முழுக்க ஃப்ராசில் பிறந்துகொண்டே இருக்கும். அது கீழாற்றின் ஐஸ் பலகைக்கு அடியில் புகுந்து, ஓட்டம் மந்தமாகும் இடத்தில் தலைகீழாகப் படியும். வண்டல் படுகையில் படிகிற மாதிரி இது கூரையில் படிகிறது. பல மீட்டர் கனத்துக்குத் தொங்கும். ஆறு அதன் அடியில் நெருக்கிக்கொண்டு போகும், மேலே மட்டம் உயரும். மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் தரை.

செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் குளிர்காலத் தொடக்கத்தில் மோசஸ்-சாண்டர்ஸ் அணையிலிருந்து விடும் நீரைக் குறைப்பது இதனால்தான். ஓட்டம் வேகமாக இருந்தால் மிதந்து வரும் ஐஸ் துண்டுகள் பலகையாக நிற்காமல் அடியில் புரண்டு போய்விடும். வேகத்தைத் தணித்தால், கீழே இன்னொரு நீர்மின் நிலையத்துக்குப் போகும் போஹார்னுவா கால்வாயில் வழவழப்பான மூடி உருவாகும். பிறகு நீரைத் தாராளமாக விடலாம். சில நாள் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நிம்மதி வாங்குகிறார்கள்.

ஜனவரி 13

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இந்த வருடம் கனடா வந்த ஒரு தம்பி, "எவ்வளவு கனம் இருந்தால் ஏரிமேல் நடக்கலாம்?" என்று கேட்கிறார். இதை விளையாட்டாக விட முடியாது.

கனடாவில் பயன்படும் கணக்கு, லோர்ன் கோல்ட் என்ற ஆய்வாளர் நிஜமாகவே ஐஸ் உடைந்த, உடையாத சம்பவங்களைத் தொகுத்து எடுத்தது. கனத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 3.5-ஆல் பெருக்கினால் தாங்கும் எடை கிலோவில் வரும். 10 செ.மீ.க்கு 350 கிலோ, 20 செ.மீ.க்கு 1,400 கிலோ. கனம் பாதியானால் பலம் கால் பங்கு. அதனால்தான் "கொஞ்சம் மெலிந்த இடம்" என்று ஒன்று கிடையாது.

இது தெளிந்த, கறுப்பாகத் தெரியும் ஐஸுக்கு மட்டும். பனித்தூவி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸைப் பாதிக் கனமாகவே எண்ண வேண்டும். ஆற்றுக்கு இந்தக் கணக்கை நம்பாதே தம்பி. அடியில் ஓட்டம் தின்றுகொண்டிருக்கும். நீ துளை போட்டு அளந்த இடத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி பாதிதான் இருக்கும்.

எத்தனை நாளில் வளரும் என்பதற்கும் வழி உண்டு. ஸ்டெஃபான் என்ற இயற்பியலாளர் 1891-இல் காட்டியது: ஒவ்வொரு நாளும் 0-வுக்குக் கீழே எத்தனை டிகிரி என்று கூட்டி, அந்த மொத்தத்துக்கு வர்க்கமூலம். சராசரி −10 டிகிரியில் பத்து நாள் என்றால் 100, வர்க்கமூலம் 10, பனித்தூவி கிடக்கும் சாதாரண ஏரிக்கு அதை இரண்டால் பெருக்கினால் சுமார் 20 செ.மீ. 40 செ.மீ. வேண்டுமா? இன்னும் பத்து நாள் போதாது, மொத்தம் நாற்பது நாள். ஐஸ் தடிக்கத் தடிக்க அதுவே குளிரை மறிக்கிறது.

ஓட்டாவாவின் ரீடோ கால்வாயில் 7.8 கிலோமீட்டருக்குச் சறுக்குப் பாதை இருக்கிறது. திறக்க 30 செ.மீ. நல்ல ஐஸ் வேண்டும். 1970-களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் திறந்த பாதை, 2022-23 குளிர்காலத்தில் முதல் முறையாகத் திறக்கவே இல்லை. அந்த வருடம் என் மகளுக்கு ஒன்பது வயது. புதுச் சறுக்குக் காலணி அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. அடுத்த குளிரில் கால் உள்ளே போகவில்லை.

ஜனவரி 14, அதிகாலை

ஸ்பேனர் விஷயத்தில் திருச்சி நண்பர் சொன்னது சரி. வெளியிலிருந்து வந்தவரின் பையில் இருந்த ஸ்பேனர் ஏற்கெனவே −18 டிகிரியில் இருந்திருக்கும். அதை 0-வை ஒட்டிய எந்த நீரில் விட்டாலும் ஐஸ் பிடிக்கும். ஃப்ராசில் ஒட்டியதற்கு அது சாட்சி ஆகாது. பல வருடமாக இந்தக் கதையைப் புதியவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை. நன்றி.

ஏரி அடியில் கிடக்கும் கம்பித் தட்டி நீரின் அதே வெப்பநிலையில்தான் இருக்கும். அங்கே ஒட்டுவதற்குக் காரணம் நீர் 0-வுக்குக் கீழே இருப்பது. படிகம் கம்பியைத் தொட்ட இடத்தில் அந்த நீர் உறைந்து பசையாகிறது. கம்பியை 0-வுக்கு மேலே நூற்றில் சில பங்கு டிகிரி சூடாக வைத்தால் ஒட்டாது என்பதே இதற்கு ஆதாரம். சில நிலையங்களில் கம்பிக்குள் மின்சாரம் விட்டுச் சூடாக்குகிறார்கள். எங்கள் ஊரில் பிறகு வேறு வழி எடுத்தோம்: வாயைப் பெரிதாக்கி நீர் நுழையும் வேகத்தைக் குறைத்தோம், கம்பிகளுக்கு இடையே தூரத்தைக் கூட்டினோம், எஃகை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டோம். அதற்குப் பிறகு இரண்டு தடவைதான் மட்டம் இறங்கியது.

ஜனவரி 17

கடலைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. உப்பு நீரும் உறையும், சாதாரணக் கடல் −1.8 டிகிரியில். ஆனால் கிலோவுக்குச் சுமார் 25 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் 4 டிகிரிக் கதையே கிடையாது; உறைநிலை வரைக்கும் நீர் கனமாகிக்கொண்டே போகும், மூழ்கிக்கொண்டே இருக்கும். அதனால் கடல் உறையத் தாமதமாகும். உப்புக் குறைந்த பால்டிக் கடலோ ஏரியைப் போல நடந்துகொள்ளும். அலையடிக்கும் கடலில் முதலில் பிறப்பதும் அதே நுண் படிகங்கள்தான். எண்ணெய் மிதப்பது போலத் தெரிந்து, பிறகு தோசை தோசையாகத் திரண்டு, ஒன்றோடொன்று மோதி ஓரம் மடங்கும்.

கனடாவின் கிழக்கே நார்தம்பர்லாந்து நீரிணையில் 12.9 கிலோமீட்டர் நீளமுள்ள கான்ஃபெடரேஷன் பாலம் 1997-இல் திறந்தது. அதன் தூண்களில் நீர்மட்டத்தில் கூம்பு போட்டிருக்கிறார்கள். நேரான தூணில் மோதினால் ஐஸ் நசுங்க வேண்டும், அதற்குப் பெரும் விசை தேவை. அத்தனையும் தூணின்மேல் விழும். கூம்பில் மோதினால் சரிவில் ஏறி, வளைந்து, முறியும். அப்பளத்தை இரண்டு பக்கமும் பிடித்து நெருக்கிப் பாருங்கள், பிறகு வளைத்துப் பாருங்கள்.

ஜனவரி 21

டீச்சர் வகுப்பில் செய்ததை எழுதியிருக்கிறார். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் அசையாமல் இரண்டரை மணி நேரம் வைத்து, மெதுவாக எடுத்து, மேசையில் ஒரு தட்டு. பாட்டில் முழுக்க ஒரு மூச்சில் வெள்ளையாகிவிட்டதாம். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்துவிட்டார் என்கிறார். படிக்கும்போதே மனசு நிறைந்தது.

ஒரு மாணவி கேட்டாளாம்: "உறைந்த பிறகு பாட்டில் முன்பைவிடக் குளிர்ச்சி குறைந்த மாதிரி இருக்கே, ஏன் மிஸ்?"

அந்தப் பெண்ணின் விரல் சரியாகச் சொல்கிறது. −6 டிகிரியில் நின்ற நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் அதையே 0-வுக்கு ஏற்றிவிடுகிறது. அதற்குப் பதிமூன்றில் ஒரு பங்கு நீர் உறைந்தால் போதும். மிச்சம் நீராகவே இருக்கும். பாட்டிலைக் கவிழ்த்தால் கூழாகத்தான் வரும்.

எங்கள் நிலையத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி வரை காட்டும் வெப்பமானி நீர் எடுக்கும் வாயருகே இருக்கிறது. இரவு எட்டு மணியிலிருந்து அந்தக் கோட்டைத்தான் பார்ப்போம். 0-வைத் தாண்டி இறங்கும், −0.02, −0.04. பிறகு நின்று, மேலே திரும்பும். புதியவர்கள் "சூடாகிறது, ஆபத்து போச்சு" என்று மூச்சு விடுவார்கள். கோடு மேலே திரும்பினால் ஐஸ் பிறந்துவிட்டது என்று அர்த்தம். பம்பை அதற்கு முன்பே, கோடு 0-வைக் கடக்கும்போதே குறைத்திருக்க வேண்டும்.

டீச்சர், அடுத்த முறை பாட்டிலுக்குள் ஒரு வெப்பமானியை ஃப்ரீசரில் வைப்பதற்கு முன்பே செருகிவிடுங்கள், பிறகு செருகினால் அதுவே விதையாகிவிடும். வெளியே எடுத்ததிலிருந்து ஐந்து விநாடிக்கு ஒரு முறை அந்த மாணவியை அளவு எழுதச் சொல்லுங்கள். வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைத்தால், நான் இப்போது திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் கோட்டின் அந்தத் திருப்பம் கிடைக்கும். −0.03. இன்னும் திரும்பவில்லை. பம்பைக் குறைத்துவிட்டேன்.